கழன்று கிடந்த மீட்டர் கேபிள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. 2008இல் என் பழைய காரின் ஹாரன் தானாகவே அலற ஆரம்பித்தது. திண்டுக்கல் பழனி ரோட்டில், ஸ்தனிஸ்லாஸ் அண்ணனின் வயரிங் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே அவர் சொன்னது இது. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தாராளமா எழுதுங்க. ஆனா மொதல்ல பேட்டரி வயரக் கழட்டுனேன்னு எழுதணும். எவனாச்சும் படிச்சுப்புட்டு அப்படியே கைய விட்டு, ஷார்ட்டாகித் தீப்பிடிச்சுறப் போகுது."

ஆகவே,

2

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார்.

(மலைக்கோட்டையின் மேல் வெயில் ஏறுவதாக அழகான தொடக்கம் ஒன்று வைத்திருந்தேன். போகட்டும்.)

1999. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன். அதன் முதலாளி சார்லஸ் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "இண்டிகேட்டர் எரியல. வயர் தீயிற வாடை வருது. கிலோமீட்டர் வேற நின்னு நின்னு ஓடுது. யாரும் கேபிளக் கழட்ட முடியாதபடி கம்பி முறுக்கி சீல் வச்சுருங்க. மூணு மணிக்கு வாரேன்."

டிரைவர் ஆண்டிச்சாமி கடையிலேயே நின்றுகொண்டார். வேனின் பின் சீட்டில் அவர் மனைவி முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றி, அது இருந்த இடத்தை ஓர் அட்டையில் வரைந்து, அங்கேயே குத்திவைத்தார்.* வயர்களுக்குப் பிளாஸ்திரி ஒட்டி எண் போட்டார். டேஷ்போர்டைச் சட்டென்று இழுத்துவிடக் கூடாது. நாலு விரற்கடை முன்னால் வந்ததும் நிறுத்தி, பின்னால் கையை விட்டு, மீட்டர் கேபிளைத் திருகி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுந்துவிடும்.

கையை விட்டார். கேபிள் ஏற்கெனவே கழன்றிருந்தது. நுனியில் தூசி படாமல் சுத்தமான துணி சுற்றி, நூலால் கட்டியிருந்தது.

ஆண்டிச்சாமியைத் திரும்பிப் பார்த்தார். ஆண்டிச்சாமி

(இந்த வாக்கியத்தை ஏழு முறை முடித்துப் பார்த்தேன். தலைகுனிந்தாலும் திருடன் போல இருக்கிறார், வியர்த்தாலும் திருடன் போல இருக்கிறார். துணி சுற்றிவைக்கிற மனிதனை அப்படிக் காட்ட எனக்குப் பிடிக்கவில்லை.)

* பிஸ்கட் பெட்டியின் அட்டை. பிராண்டு கேட்டேன். "இதெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரித்தார்.

3

ஆண்டிச்சாமி அவரைக் கடைக்கு வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்.

"எட்டு மாசமா அவளுக்குத் தூக்கமே வர மாட்டேங்குதுண்ணே. ஆஸ்பத்திரி, கோயிலு எல்லாம் பாத்தாச்சு. வண்டி ஓடுனாத்தேன் கண்ண மூடுறா. மத்தியானம் சும்மாதான நிக்கிதுன்னு, வடமதுரை வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். டீசல் என் கைக்காசு. ஒரு மணி நேரம் தூங்குவா. அம்புட்டுத்தான். கிலோமீட்டர் ஏறாம இருக்க, போகும்போது கேபிளக் கழட்டிட்டு, வந்ததும் மாட்டிருவேன். சில நாளு மறந்துபோயிருது."

"ஓனருகிட்டக் கேக்க வேண்டியதுதான?"

"சொந்தக் காரியத்துக்கு வண்டிய எடுத்தான்னுதான் முந்தி இருந்த டிரைவர நிறுத்துனாரு. இவகிட்ட, ஓனரு சரின்னுட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன். உண்மை தெரிஞ்சா ஏற மாட்டா."

(ஏன் தூக்கம் வரவில்லை? முதல் பிரதியில் அவர்களுடைய குழந்தை இறந்துவிட்டதாக எழுதியிருந்தேன். மறுநாள் அடித்துவிட்டேன். கதை நகர வேண்டும் என்பதற்காக அவள் பிள்ளையைப் பறிக்க நான் யார்? காரணம் ஸ்தனிஸ்லாஸுக்கும் தெரியாது.)

4

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: ஸ்தனிஸ்லாஸ் சீல் வைத்துவிடுகிறார். செய்யாத வேலையைச் செய்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மறுநாள் மத்தியானம் முத்துப்பேச்சி கிளம்பி நிற்கிறாள், ஆண்டிச்சாமி அவளிடம்

இரண்டு: வைக்காமலே, "வச்சாச்சு" என்கிறார். சார்லஸ் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்கிறார். அதுவும் எனக்கு வலிக்கிறது. சார்லஸ் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் ஏறுகிற வண்டி எங்கே போய் வருகிறதென்று தெரிந்துகொள்ள நினைப்பதில் என்ன தப்பு?

மூன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறார். சார்லஸ் கண் கலங்கி, "தெனமும் கூட்டிட்டுப் போப்பா" என்கிறார். எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. அதனாலேயே நம்பாமல் கிழித்தேன். கிழித்த தாளைத் தூக்கிப்போட மட்டும் இன்னும் மனம் வரவில்லை.

"நீங்க என்னண்ணே செஞ்சீங்க?" என்று கேட்டேன். என் காரின் ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்றார்.

5

எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுந்து உங்களுக்கு இடம் விடுகிறேன்.

மணி இரண்டே முக்கால். தீய்ந்த வயரை மாற்றியாயிற்று. தெருமுனையில் சார்லஸின் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது. ஆண்டிச்சாமி உங்களிடம் எதையும் கேட்கவில்லை, வாசலில் நிற்கிறார். பின் சீட்டு ஜன்னலில் தலை சாய்த்து, கண்கள் சிவந்துபோய் உட்கார்ந்திருக்கும் முத்துப்பேச்சிதான் கேட்கிறாள்:

"வண்டி எப்பண்ணே ஓடும்?"

உங்கள் வலது கை டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. கேபிளை மாட்டிவிட்டீர்கள். சீல் கம்பி இடது கையில். பேட்டரி வயர் கழன்றுதான் கிடக்கிறது, தீப்பொறி பறக்காது. பயப்படாமல் செய்யுங்கள்.