தறியை அளந்து வரச் சொன்ன டீச்சர்

புத்தகத்தில் இருக்கிற ரயிலும் தண்ணீர்த் தொட்டியும் யாருக்கு வேண்டும்? ஆரணிப் பிள்ளைகளுக்கு ஆரணிக் கணக்கு! கணக்கு டீச்சர் ஜெயப்ரியா அப்படித்தான் கிளம்பினாள். எட்டாம் வகுப்புக்கு விகிதம் நடத்த, ஒரு வீட்டுத் தறியின் நீள அகலத்தை அளந்து வரச் சொன்னாள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் வெளுத்துக் கட்டினார்கள். டீச்சரும் தறிக்காரர் மகள்தானே, பெருமை தாங்கவில்லை.

வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் அமலாவின் நோட்டு மட்டும் காலி.

"ஊர் பூரா தறி, உனக்கு ஒண்ணு கெடைக்கலியா? சோம்பேறி!"

எல்லார் முன்னாலும் நிற்க வைத்தாள். மறுநாளிலிருந்து அமலா பள்ளிக்கே வரவில்லை.

நான்காம் நாள் ஜெயப்ரியா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே அமலா இருந்த காலனிக்குப் போனாள். நடவு முடித்து வந்த அமலாவின் அம்மா சின்னபொண்ணு கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"புள்ள மூணு வூட்டுக்குப் போச்சுங்க டீச்சர். தறி நடுவூட்ல, சாமி ரூம் பக்கத்துல கீதாம். வாசலோட அனுப்பிட்டாங்க. படிப்பே வாணாம்னு அழுதுகினு கீது."

ஜெயப்ரியாவுக்குச் சுரீரென்றது. அட பாவி, இது எப்படித் தோன்றாமல் போனது! தன் வீட்டுத் தறியும் அதே நடுவீட்டில்தானே இருக்கிறது.

"வாம்மா, எங்க வூட்லயே அளக்கலாம். யாரு என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன்."

வீராப்பாகத்தான் அமலாவைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். வாசலில் ஜெயப்ரியாவின் அம்மா ஜெயம் நின்றிருந்தாள். எந்தத் தெரு என்று விசாரித்தாள். அமலா சொன்னாள்.

"கொழந்த இங்கியே உக்காரட்டும். நீ உள்ள அளந்து சொல்லு, அது எழுதிக்கட்டும்."

குரலில் துளிக் கோபமில்லை. நாற்காலிகூடப் போட்டாள், அதுதான் கொடுமை. அந்த இடத்தில் ஜெயப்ரியா சண்டை போட்டிருக்க வேண்டும். வழியெல்லாம் வாய் கிழியப் பேசியவள்தானே! அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாள்.

"அகலம் நாப்பத்தெட்டு அங்குலம்!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். வெளியே வந்து பார்த்தாள். அமலா நாற்காலியில் உட்காரவே இல்லை. நோட்டையும் திறக்கவில்லை.

"ஏம்மா, எழுதலியா?"

"அந்த மூணு வூட்லயும் இப்பிடித்தாங்க டீச்சர், உள்ள இருந்து அளவு சொல்றோம்னாங்க. நான்தான் வாணாம்னு வந்துட்டேன்."

அமலா படியிறங்கி நடந்தாள்.