நூற்றுக்கு முப்பத்தொன்று

1

"அப்ப நான் எத்தினி மார்க்கு வாங்கினா தண்ணியில எறங்கலாம்னு சொல்லுங்கய்யா. கேட்டுக்கறன்."

"வீரம்மா சிஸ்டர், சத்தம் போடாதீங்க. இது ஜெபக்கூட்டம்."

"சத்தமாத்தான் பேசுவன். எங்க வூட்டுக்காரரு பதினோரு வருசமா மைன்ஸுல கான்ட்ராக்ட்டு. இந்த வருசம் பர்மனெண்ட்டு, அடுத்த வருசம் பர்மனெண்ட்டுன்னு சொல்லிகினே இருக்காங்க. கர்த்தருகிட்டயும் நான் கான்ட்ராக்ட்டுதானா? அத மட்டும் சொல்லிடுங்க, நான் எழுந்து போயிடறன்."

"ஆண்டவருக்கு முன்னாடி எல்லாரும் சமம்தாம்மா. அதுக்குன்னு ஒரு ஒழுங்கு வேண்டாமா? அம்பது எடுக்கணும். நீங்க முப்பத்தொண்ணு எடுத்திருக்கீங்க. நானா குறைச்சுப் போட்டேன்? நீங்க சொன்ன பதிலைத்தான் கூட்டிப் போட்டிருக்கேன்."

இந்தக் கதை இந்தச் சண்டையில்தான் பிறந்தது. 1981 ஜனவரி, ஒரு சனிக்கிழமை மாலை, நெய்வேலி டவுன்ஷிப்பில் கருணாகரன் அண்ணாச்சியின் குவார்ட்டர்ஸ் முன்னறை. கீழே கோரைப்பாயில் பதினெட்டுப் பேர். நான் வாசலை ஒட்டிய ஓரத்தில் இருந்தேன். எந்தக் கூட்டத்திலும் என் இடம் அதுதான். அங்கிருந்து எல்லார் முகமும் தெரியும். கூட்டம் முடிந்ததும் முதலில் வெளியே போய் நாலு பேரிடம் சொல்லவும் வசதி.

2

இப்படிச் சண்டையில் தொடங்க எனக்கு இஷ்டமில்லை. ஐந்தாறு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"நெய்வேலியில் மண்ணைத் தோண்டினால் கரி. மனிதனைத் தோண்டினால்—" அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்த எல்லாரும் மண்வெட்டியோடுதான் வருகிறார்கள்.

"வீரம்மாள் பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வந்த ஓர் எளிய, களங்கமற்ற—" இதையும் அடித்தேன். வீரம்மாள் கோபக்காரி. மீன்காரர் தராசில் விரல் வைத்தால் அந்த விரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிற பெண். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்தாள், என் வீடு உட்பட. எளியவள் என்று எழுதினால் பரிதாபப்பட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள்.

"அவளுக்காக அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். ஏழாவது கேள்விக்கு அவள்—"

இதை அடிக்கவில்லை. முடிக்கவும் இல்லை. இப்போதைக்கு இங்கேயே கிடக்கட்டும்.

3

படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கருணாகரன் அண்ணாச்சி ஆபீசில் ஹெட் கிளார்க். வருடம் ஒருமுறை ஒவ்வொரு ஊழியரைப் பற்றியும் மேலதிகாரி எழுதும் ரகசிய அறிக்கையைத் தட்டச்சு செய்து அடுக்குகிற பிரிவு. வேலை எப்படி, நடத்தை எப்படி, பதவி உயர்வுக்குத் தகுதி உண்டா என்று கட்டம் கட்டமாக இருக்குமாம். இருபது வருடம் அந்தக் கட்டங்களைப் பார்த்த மனிதருக்கு, ஆத்துமாவுக்கும் இப்படி ஒன்று இல்லையே என்ற கவலை வந்துவிட்டது. "சம்பளத்துக்கு வேலை செய்றவனுக்கே வருசா வருசம் அறிக்கை இருக்கு. ரட்சிக்கப்பட்டவனுக்கு வேண்டாமா?" என்று ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

தலைப்பு: ஆவிக்குரிய வளர்ச்சி, ஆண்டு மதிப்பீடு. பத்துக் கேள்வி, நூறு மார்க்கு. தினமும் எத்தனை அதிகாரம் வேதம் வாசிக்கிறீர்கள், எத்தனை நிமிடம் ஜெபம், எத்தனை பேருக்குச் சாட்சி சொன்னீர்கள், புறங்கூறாமல் நாவைக் காக்கிறீர்களா. அடியில் 'மதிப்பிடும் மூப்பரின் குறிப்பு' என்று இரண்டு வரி இடம். ஐம்பது எடுத்தவர்களுக்குத்தான் அந்த வருடம் முழுக்கு ஞானஸ்நானம்.

நான் எண்பத்தேழு. நாவைக் காக்கும் கேள்வியில் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டேன். அண்ணாச்சி தொண்ணூற்று நாலு. அவரை மதிப்பிட்ட மூப்பர் யார் என்று கேட்கிறீர்களா? அவரேதான். அவருடைய மேலதிகாரி பரலோகத்தில் இருந்ததால் கையெழுத்து வாங்க முடியவில்லை.

(பக்கத்தில் ஒரு குறிப்பு: அந்தக் கூட்டத்தில் எல்லாரும் சிஸ்டர், பிரதர்தான். வீரம்மாளும் சிஸ்டர். ஆனால் கூட்டம் முடிந்து கொடுக்கிற காபி அவளுக்கு மட்டும் சன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடித் தம்ளரில் வரும். மற்றவர்களுக்கு எவர்சில்வர். பத்துக் கேள்வியில் தம்ளரைப் பற்றி ஒன்றுமில்லை.)

4

இந்தக் கருணாகரனை நான் சந்தேகிக்கிறேன். மனிதரை அல்ல, நான் எழுதி வைத்திருக்கும் ஆளை. முந்தைய பிரதியில் அவருக்குத் தொந்தியும் கனைப்பும் கொடுத்து, எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டியிருந்தேன். வாசிக்கச் சுகமாக இருந்தது.

உண்மையில் அவர் ஒல்லி. வீரம்மாளின் கணவர் கலியனுக்குக் காமாலை வந்தபோது, சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனவர் அவர்தான். வீரம்மாள் ஜெபக்கூட்டத்துக்கு வர ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். மூன்று வருடமாக ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தாள். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. கையில் ஸ்கேலோடு சொர்க்கத்தை அளந்த நல்ல மனிதர். அவர்மேல் வருகிற கோபம் பாதியில் நின்று, திரும்பி என் பக்கம் வருகிறது. அதனால்தான் அவரை வில்லனாக்கப் பார்த்தேன்.

5

வீரம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "தனபாக்கியம் சிஸ்டர், நீங்க வாசிச்சுச் சொல்லி நிரப்பிக் குடுங்க" என்று அண்ணாச்சி என்னிடம் கொடுத்தார். எனக்குக் கசக்குமா? இன்னொருத்தியின் ஆத்துமாவைக் கட்டம் கட்டமாகப் பார்க்கலாம். மறுநாள் பாத்திரம் தேய்த்து முடித்தவளை அடுக்களையில் உட்கார வைத்தேன்.

"தினமும் எத்தனை அதிகாரம் வாசிக்கிற?"

"எனக்குத்தான் எழுத்துத் தெரியாதேம்மா."

சைபர். (கூட்டத்தில் வாசிப்பதைக் காதால் கேட்டே மலைப்பிரசங்கத்தில் முக்கால்வாசியை அவள் ஒப்பிப்பாள். அதற்குக் கட்டம் இல்லை.)

"ஜெபம் எத்தனை நிமிசம்?"

"நிமிசம் எப்படிம்மா சொல்றது? நடந்துகினே பேசுவன். தேச்சிகினே பேசுவன்."

"கோபப்படாமல் இருக்கிறாயா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சைபர்.

"ஏழாவது. இதுக்கு இருபது மார்க்கு. உங்களுக்குத் தீமை செய்த எல்லாரையும் மன்னித்துவிட்டீர்களா?"

சிரிப்பு நின்றது. ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"இல்ல. ஒரே ஒரு ஆளு பாக்கி."

"ஆமான்னு போட்டுரட்டா? மார்க்கு வேணும்லா?"

"வேணாம்மா. இல்லன்னே எழுதுங்க. சாமிகிட்டப் போற காயிதம்."

'இல்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருக்கலாம். மூடவில்லை. என் சுபாவம்.

"யாரு வீரம்மா அது?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒங்களத்தான்."

6

இதை இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் படிவம், தம்ளர், தொந்தி என்று உங்களைச் சுற்றவிட்டேன்.

அதற்கு முந்தைய வருடம் அவளுடைய மகள் வள்ளியம்மாளுக்குக் குறிஞ்சிப்பாடியில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். தறிக்காரக் குடும்பம். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. ஒருநாள் நான் கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது வடலூர் பஸ் ஸ்டாண்டில் வள்ளியம்மாள் ஓர் ஆளோடு நின்று பேசுவதைப் பார்த்தேன். நீலச் சட்டை. கையில் மஞ்சள் பை. பஸ் நின்றது இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்தை வீட்டுக்கு வந்து இரண்டு பேரிடம் சொன்னேன். சத்தியமாக இரண்டே பேர். வாரம் திரும்புவதற்குள் குறிஞ்சிப்பாடிக்காரர்கள் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த ஆள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததால்தான் சொன்னேன். தெரிந்திருந்தால் அதில் சொல்ல என்ன இருந்திருக்கும்?

அந்தப் பெண் நாலு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவள் அம்மா அந்த நாலு மாதமும் என் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள்.

7

இனி அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பலாம். அண்ணாச்சி வழி ஒன்று கண்டுபிடித்தார்.

"சரி, ஏழாவது கேள்வியில யாரையோ மன்னிக்கலன்னு போட்டிருக்கு. அது யாருன்னு இப்ப இந்தச் சபையில சொல்லுங்க. சேர்ந்து ஜெபிப்போம். ஒப்புரவாயிட்டா இருபது மார்க்கு வந்துரும். முப்பத்தொண்ணும் இருபதும் அம்பத்தொண்ணு. வர்ற ஞாயிற்றுக்கிழமையே ஞானஸ்நானம் வச்சிரலாம்."

பாயில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடினேன். பாட்டு எண் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) தனபாக்கியம் எழுந்து, "அது நான்தான்" என்கிறாள். அழுகை. கட்டித் தழுவல். ஒரு கீர்த்தனை. (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பொய் நன்றாக எழுத வருகிறது.)

ஆ) வீரம்மாள் என் பெயரைச் சொல்கிறாள். நான் மறுக்கிறேன். அடுக்களையில் நடந்ததற்கு ஏது சாட்சி? என் எண்பத்தேழுக்கு எதிரே அவளுடைய முப்பத்தொன்று.

இ) நடந்தது.

"பேரு சொல்ல மாட்டன்யா."

"சொன்னாத்தானே மார்க்கு—"

"சொன்னா நாளைக்கு அந்த ஆளு இந்தத் தெருவுல தல நிமிந்து நடக்க முடியாது. எம் பொண்ணு அப்படித்தான் இருந்துச்சி, நாலு மாசம். அது எனுக்குத் தெரியும். இன்னொருத்தருக்கு வேணாம்." மூச்சு வாங்கினாள். "நான் இன்னும் மன்னிக்கலய்யா. நெனச்சா வயிறு எரியுது. ஆனா பேரு சொல்ல மாட்டன். இதுக்கு ஒங்க காயிதத்துல எத்தினி மார்க்கு?"

அண்ணாச்சி உண்மையாகவே படிவத்தைப் பார்த்தார். ஒன்றிலிருந்து பத்துவரை விரலை ஓட்டினார். அந்த மனிதரை அப்போது எனக்கு அறையத் தோன்றியது. யாரை அறைந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

"அதுக்குத் தனியா கேள்வி இல்லம்மா," என்றார்.

வீரம்மாள் எழுந்தாள். என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். முந்தானை என்மேல் படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

சண்டையை அன்றைக்கே மூன்று வீட்டில் சொன்னேன். பாவனையோடு, குரல் மாற்றி. ஏழாவது கேள்விக்குச் சொந்தக்காரி யாரென்பதை மட்டும் சொல்லவில்லை. என் ஆயுளில் எனக்குத் தெரிந்தும் நான் சொல்லாமல் விட்ட ஒரே செய்தி அது. அதற்கும் எனக்கு யாரும் மார்க்கு போட வேண்டாம்.

8

முடிவு கேட்பீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீரம்மாள் மறுநாளிலிருந்து எங்கள் தெருவுக்கே வரவில்லை. வள்ளியம்மாளுக்கு 1983இல் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பண்ருட்டியில் லாரி மெக்கானிக். அந்த நீலச் சட்டைக்காரரா என்று விசாரித்தேன். ஆமாம் என்றால் நான் அன்று பேசியது பாதியாவது உண்மையாகியிருக்கும், கதையும் அழகாக முடிந்திருக்கும். இல்லை. இது வேறு ஆள்.

கலியன் பர்மனெண்ட் ஆகவில்லை. மகள் பின்னாலேயே அவரும் வீரம்மாளும் பண்ருட்டிக்குப் போய்விட்டார்கள். கருணாகரன் அண்ணாச்சி அந்தப் படிவத்தை மறு வருடம் கொடுக்கவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை. ஓய்வுபெற்று நாசரேத் பக்கம் சொந்த ஊருக்குப் போனார். அவர் மகனுக்கு மதுரையில் பெண் எடுத்தார்கள். நாங்கள் 1988இல் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சாமான் கட்டும்போது அலமாரித் தாளுக்கு அடியில் என் எண்பத்தேழு கிடைத்தது.

வீரம்மாள் ஞானஸ்நானம் எடுத்தாளா? பண்ருட்டியில் வேறொரு சபையார் கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதம் பார்த்து அவளுக்குக் கொடுத்தார்கள் என்று ஒருத்தி சொன்னாள். அவள் எந்தச் சபைக்குள்ளும் காலே வைக்கவில்லை, தேய்த்துக்கொண்டே பேசுவதோடு சரி என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் போன்றவர்கள். பஸ் இரண்டு நிமிடம் நின்றபோது பார்த்தவர்கள்.

அவள் என்னை மன்னித்தாளா என்பதை யாரிடமும் விசாரிக்கவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் சொன்னால் நாலு பேரிடம் சொல்லிவிடுவேன்.