வாசல் வளைவும் நாசரின் ஜீப்பும்

அன்று அரியக்குடி வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் ஹபீப் ரகுமான், அவர் மனைவி ஆசியா பீவி, மகன் நாசர், மருமகள் அஃப்ரின், பக்கத்துத் தோட்டத்து மாயக்கண்ணன். வேறு யாருமில்லை.

துபாயிலிருந்து விடுப்பில் வந்த நாசர், மேடுபள்ளத்தில் ஓட்டுவதற்காக ஜீப்பை ஜாக்கியில் தூக்கி, உயரமான ஸ்பிரிங் பட்டைகளை மாட்டி முடித்திருந்தான். வண்டி நாலு விரல் உயர்ந்து கம்பீரமாக நின்றது. வெளியே எடுக்கும்போதுதான் வாசல் வளைவு நினைவுக்கு வந்தது. வளைவின் கீழ்விளிம்பில் ஹபீப் ரகுமானுடைய தந்தையின் பெயர் காரையில் புடைத்திருந்தது. ஜீப்பின் இரும்புக் கூரை அந்த எழுத்துகளை உரசிக்கொண்டு நின்றது.

"அத்தா, பேரை மட்டும் லேசாக் கொத்திட்டா…"

"எங்க அத்தா பேரையா? வண்டி இங்குட்டே கெடந்து துருப்பிடிக்கட்டும்!"

மாயக்கண்ணன் சிரித்தார். "எதுக்கு மாமா கோவப்படுறீக? எல்லாரும் ஏறி உக்காருங்க. பட்டை தானாப் பணியும்."

"என் எடையைச் சொல்றியாக்கும்?" என்றார் ஹபீப் ரகுமான்.

"உங்க குடும்பக் கௌரவத்தோட கனத்தைச் சொன்னேன்."

ஆசியா பீவி முக்காலி போட்டு ஏறினார். அஃப்ரினும் மாயக்கண்ணனும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஹபீப் ரகுமான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னிருக்கையில் நிமிர்ந்து அமர்ந்ததும் ஜீப் இரண்டு விரல் பணிந்தது. நாசர் மெல்ல நகர்த்தினான். தந்தையின் பெயர் ஓர் எழுத்தும் உதிராமல் தலைக்கு மேலே கடந்துபோனது.

தெருவுக்கு வந்தபிறகும் ஹபீப் ரகுமான் இறங்கவில்லை. "அப்படியே காரைக்குடிக்கு விடுடா," என்றார்.

வளைவை இடித்துத்தான் வண்டியை வெளியே எடுத்தார்கள் என்று கடைவீதியில் பேசுகிறார்கள். இடிக்கவில்லை.