போனை வைக்கும் உரிமை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பழக்கூடை. ஊழியர் நலப் பொறுப்பாளராகச் சேர்ந்த புதிதில் மாடிக்கு மாடி ஆப்பிளும் வாழைப்பழமும் நிறைந்த கூடைகளை வைக்கச் சொன்னாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பழக்கூடை. அவளுக்கும் தெரியும். "வெறுங்கூடைன்னு சொல்லாம விட்டாங்களே, அதுவரைக்கும் நல்லது" என்று கணவனிடம் சொல்லிச் சிரித்தாள்.

பல நாடுகளில் துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனி அது. தலைமை அலுவலகம் கடல் தாண்டி இருந்தது. ஊழியர்கள் நலமாக இருக்க வேண்டுமென்று அங்கிருந்து ஒரு திட்டம் வந்து இறங்கியது: மூச்சுப்பயிற்சி சொல்லித்தரும் ஆப், மாதம் ஒரு யோகா வகுப்பு, 'இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?' என்று காலையில் விசாரிக்கும் ஈமெயில். அவள் எல்லாவற்றையும் சிரத்தையாக நடத்தினாள். யோகாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவளுடைய பிரிவு ஆட்கள். மீதிப்பேர் அந்த அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது என்று வந்தவர்கள்.

மூன்றாம் மாடியில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு இருந்தது. வரிசை வரிசையாகத் தடுப்புப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஹெட்செட் மாட்டிய ஒரு தலை. அதில் ஒருத்தியை எல்லோரும் வானொலி என்றே கூப்பிட்டார்கள். அப்படி ஒரு குரல். கோபத்தோடு போன் செய்தவர்கள்கூட வைக்கும்போது தேங்க்ஸ் சொல்வார்கள். ஒருநாள் மதியம், பேசிக்கொண்டிருந்த நடுவிலேயே அவளுக்குக் குரல் நின்றுபோனது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர்.

பழக்கூடை அவளை வீட்டில் போய்ப் பார்த்தாள். துவைத்த துணிகள் மடிக்காமல் கிடந்த சோபாவில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்து, வானொலி கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"என்ன திட்டினாலும் நாங்க போனை வைக்கக் கூடாது மேடம். அவங்களா வைக்கிற வரைக்கும் சிரிச்ச குரல்ல கேட்டுட்டே இருக்கணும். வீட்டுக்கு வந்தா பிள்ளைங்ககிட்ட பேசவே பிடிக்கலை. இப்ப பேசவே வரலை."

அடுத்த திங்கட்கிழமை பழக்கூடை மூன்றாம் மாடிக்குப் போய், வானொலியின் காலி நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். அந்த மாடியின் மேலாளருக்குப் பெயர் கடப்பாரை. வளையமாட்டார் என்பதால் வந்த பெயர்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த வேலை? வேடிக்கை பாக்கணும்னா கண்ணாடி வழியா பாருங்க."

"கண்ணாடி வழியா பாத்தா காதுல விழாதே சார்."

முதலில் அழைத்தவர்கள் தண்ணீர் ஒழுகுகிறது, கதவு திறக்கவில்லை என்றார்கள். பிறகு ஒருவன் அழைத்தான். மெஷினில் ஆரம்பித்தான், அவள் வளர்ப்பில் புகுந்தான், அவளைப் பெற்றவர்கள் வரைக்கும் போனான். அழைப்பைத் துண்டிக்கும் பொத்தான் விரல் நுனியில்தான் இருந்தது. அழுத்தக் கூடாது என்பது விதி. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்று சிரித்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் ஓய்ந்து வைத்ததும் அடுத்த அழைப்பு தானாக வந்து விழுந்தது. எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்க இடைவெளி இல்லை.

அன்று சாயங்காலம், கணக்கில் சந்தேகம் கேட்ட மகளிடம் அவள் சீறி விழுந்தாள். கணவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான்.

"ஏம்மா, ஆபீஸ்ல வாங்கினதை இங்க வந்து இறக்கி வைக்கிறியா?"

"ஆமாங்க. அங்க இறக்கி வைக்க இடமே இல்லை" என்றாள். சொன்னதும் அவளுக்கே அழுகை வந்தது. மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, அந்தக் கணக்கைச் சேர்ந்து போட்டு முடித்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அந்த நாற்காலியை விடவில்லை. முடிவில் புதுத் திட்டம் ஒன்று எழுதினாள். திட்டுகிறவருக்கு மரியாதையாக இரண்டு முறை எச்சரிக்கை. அதற்கும் அடங்காவிட்டால் போனை வைக்கலாம். வைத்தவர் சற்று நேரம் எழுந்து போய் வரலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

வீடியோ கூட்டத்தில், பல நாட்டு அலுவலகங்களைக் கவனிக்கும் தலைவி திரையில் புருவத்தைத் தூக்கினாள்.

"இது நலத்திட்டம் இல்லையே. சேவை விதியில கை வைக்கிறீங்க. உங்க வேலை நலம். அதோட நில்லுங்க."

"அடிபடுற இடத்தை விட்டுட்டு வேற எங்க மருந்து போடறது மேடம்? நானே அங்க உட்கார்ந்து பாத்தேன். ஆப்பும் யோகாவும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒரே ஒரு மாடியில முயற்சி பண்ண விடுங்க. சரியா வரலைன்னா பொறுப்பு என்னோடது."

தலைவி எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு, "புகார் அதிகமாச்சுன்னா அன்னிக்கே நிறுத்திடுவேன்" என்றாள். அதுவே அனுமதி.

அனுமதி வாங்கியது பெரிய காரியமில்லை என்று பிறகுதான் புரிந்தது. ஒருவரும் போனை வைக்கவில்லை. திட்டு வாங்கினார்கள், எச்சரிக்கைகூடச் சொன்னார்கள், பொத்தானுக்குப் போன விரல் பாதியில் திரும்பிவிட்டது. "இது ஏதோ பொறி மேடம்" என்று ஒருத்தி வெளிப்படையாகவே சொன்னாள். "முதல்ல வைக்கிறவங்களைக் குறிச்சு வெச்சுக்கத்தானே?"

பூனைக்கு யார் மணி கட்டுவது? பழக்கூடை நேரே கடப்பாரையிடம் போனாள்.

"முதல் போனை நீங்க வைக்கணும் சார். நீங்க வெச்சாத்தான் நம்புவாங்க."

"இருபது வருஷமா வைக்காதேன்னு சொல்லிக் கொடுத்தவன் நான். நானும் அந்த நாற்காலியிலதான் ஆரம்பிச்சேன். கேட்டுட்டு சும்மா இருக்கலையா?"

"இப்பவும் காதுல கேக்குதா சார், அந்தக் குரலெல்லாம்?"

அவர் மேசையிலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டார். "வேலை இருக்கு" என்று எழுந்து போனார். மறுநாளும் அவள் போனாள். அதற்கு மறுநாளும். அவளைக் கண்டாலே அவர் கோப்பையோடு காபி மெஷின் பக்கம் நழுவினார். அவள் அங்கேயும் போய் நின்றாள்.

அந்த வியாழக்கிழமை, புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஹெட்செட்டோடு அழுதுகொண்டிருந்தாள். எச்சரிக்கை இரண்டும் சொல்லியாகிவிட்டது. எதிர்முனையில் அந்த ஆள் அவள் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். மேற்பார்வை இணைப்பில் கடப்பாரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பழக்கூடை அவரையே பார்த்தபடி நின்றாள்.

அவர் எழுந்து வந்து அந்தப் பெண்ணின் ஹெட்செட்டைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

"ஐயா, நான் மேலாளர் பேசறேன். உங்க மெஷினை சரி பண்ணித் தர்றது எங்க பொறுப்பு. எங்க பொண்ணைத் திட்டு வாங்க வைக்கிறது எங்க பொறுப்பு இல்லை. மரியாதையா பேசறதா இருந்தா நாளைக்குக் கூப்பிடுங்க. வணக்கம்."

பொத்தானை அழுத்தினார். சுற்றியிருந்த வரிசைகளில் பேச்சு அறுந்து, தலைகள் ஒவ்வொன்றாகத் தடுப்புக்கு மேலே எழும்பின.

"என்ன பாக்கறீங்க? லைன்ல ஆள் காத்திருக்காங்க" என்று அதட்டிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னார்: "போய் முகம் கழுவிட்டு வாம்மா. மெதுவா வா."

அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு பேர் வைத்தார்கள். ஒருத்தி வைத்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. புகார்கள் வரத்தான் செய்தன; பயந்த அளவுக்கு இல்லை. எச்சரிக்கை கேட்டதும் பெரும்பாலோர் தாங்களே அடங்கிவிட்டார்கள்.

தலைவி கடைசியில் விதியை எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் விரிவுபடுத்தினாள். ஆனால் எழுந்து போகும் இடைவெளியை மட்டும் வெட்டிவிட்டாள், அழைப்புகள் தேங்குமாம். வானொலிக்கு மெல்ல மெல்லக் குரல் திரும்பியது. ஆனாலும் போன் வேலைக்கு வரமாட்டேன் என்றாள். பழக்கூடை வற்புறுத்தவில்லை, எழுத்தில் பதில் சொல்லும் பிரிவுக்கு அவளை மாற்றிக் கொடுத்தாள். எல்லோருக்கும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது அவளுக்கு வலித்தது.

இடைவெளியை வெட்டிய செய்தி வந்த அன்றே கடப்பாரை அவள் அறைக்கு வந்து நின்றார்.

"விட்டுடப் போறீங்களா மேடம்?"

"விடறதா? நாளைக்கே மறுபடி கூட்டம் கேட்டிருக்கேன். நீங்களும் வர்றீங்க."

"நான் எதுக்கு?"

"இருபது வருஷம் கேட்டதைச் சொல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றார்.