நாலாம் பக்கம்

ஜெபசீலிக்கு நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை பதினாறு வயதிலேயே வந்துவிட்டது. எழுதி முடிக்கிற குணம்தான் வரவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது அவள் பெட்டியில் மூன்று நோட்டுகள் இருந்தன. மூன்றிலும் மூன்று நாவல்கள், மூன்றும் இருபதாம் பக்கத்தைத் தாண்டாதவை. தொடங்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இருபதாம் பக்கம் வந்ததும் இது சரியாக வருகிறதா என்று ஒரு சந்தேகம் முளைக்கும். ஒரு வாரம் தலைவலிக்கும். அப்புறம் நோட்டு பெட்டிக்குள் போய்விடும்.

சூளகிரி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில், கார்களுக்கான உதிரி பாகங்கள் கடைகிற கம்பெனியில் அவள் மெஷின் ஆபரேட்டர். அவள் கடைந்து தள்ளுவதை அளந்து பார்த்து ஓகே போடுகிறவள் சரோஜம்மாள். கெலமங்கலத்துக்காரி, ஓசூரில் வாக்கப்பட்டவள், ஜெபசீலியைவிடப் பத்து வயது மூத்தவள். காலை ஏழரைக்கு ஓசூரிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்து வருவார்கள். சரோஜம்மாளைக் கண்டால் மேனேஜருக்கே சற்று உதறும். மயிரிழைக் கீறலுக்காக ஒருமுறை முழு லைனையும் நிறுத்தி வைத்தவள். வண்டி வாசலில் நிற்கிறது, லோடு ஏற்ற வேண்டும் என்று அவர் கெஞ்சியும் பார்த்தார். "கையெழுத்து என்னுது சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

அந்த சரோஜம்மாளிடம்தான் 2004 செப்டம்பரில் ஒருநாள் ஜெபசீலி தன் மூன்று நோட்டுக் கதையைச் சொல்லி அழாத குறையாக இருந்தாள்.

"இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்றாள் சரோஜம்மாள். "லைன்ல என்னா பண்றோம்? போர்டுல ப்ளான் எழுதறோம், பக்கத்துல ஆக்சுவல் எழுதறோம். அதே மாரி பண்ணு. தினம் ஒரு பக்கம், ஞாயித்துக்கெழம லீவு. சனிக்கெழம ஆறு பக்கத்த என் கைல குடு. பாத்துட்டு திங்கக்கெழம ஓகே போட்டுத் தரேன்."

"நீங்க வாசிப்பியளாக்கா?"

"குடு, பாக்கறேன்."

அப்படித் தொடங்கியது. மாலை ஆறிலிருந்து ஏழு வரை, பாகலூர் ரோட்டு வாடகை அறையில் ஜெபசீலி பெரிய தாளில் ஒரு பக்கம் எழுதினாள். உப்பளத்தில் வேலை செய்த ஒரு பெண் வீட்டைவிட்டுக் கிளம்பிப் பிழைக்கிற கதை. சனிக்கிழமை ஆறு பக்கம் கைமாறும். திங்கட்கிழமை ஆறாவது பக்கத்தின் அடியில் பச்சை மையில் ஆங்கிலத்தில் ஓகே, கையெழுத்து, தேதி. இருபதாம் பக்கம் வழக்கம்போலத் தன் சந்தேகத்தோடு வந்தது. ஜெபசீலி பச்சை மையைப் பார்த்துக்கொண்டு இருபத்தோராம் பக்கத்தை எழுதினாள். சரோஜம்மாள் ஓகே போட்டால் அது ஓகேதான். அதற்குமேல் யாரிடம் கேட்க வேண்டும்?

திங்கட்கிழமை பஸ்ஸில் சரோஜம்மாள் கதையில் வருகிற யாரைப் பற்றியாவது தவறாமல் கேட்பாள்: "அந்தத் தொம்மை அடுத்து என்னா பண்ணுவான்?" கேட்டதுதான் தாமதம், ஜெபசீலி எழுதியதையும் எழுதப் போவதையும் கம்பெனி கேட் வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவாள். அடுத்த வாரம் சரோஜம்மாள் அதையே எடுத்துப் பேசுவாள். "அவனுக்கு அவ்ளோ திமிரு ஆவாது" என்பாள். ஜெபசீலிக்கு மனசு குளிர்ந்துவிடும். ஊரில் அம்மா கல்யாணப் பேச்செடுத்தபோதுகூட, நாவல் முடியட்டும் என்று இரண்டு மாப்பிள்ளைகளைத் தட்டிக் கழித்தாள். எழுபத்துநாலு வாரம், நானூற்று நாற்பத்துநாலு பக்கம். நாவல் முடிந்துவிட்டது! அந்தச் சனிக்கிழமை அறையில் தனியாக உட்கார்ந்து அரைக்கிலோ மைசூர்பாகைத் தின்று தீர்த்தாள்.

சென்னைப் பத்திரிகை ஒன்று நாவல் போட்டி அறிவித்திருந்தது. ஏப்ரல் பத்து கடைசித் தேதி. திருத்தியெழுதி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பகல் ஷிப்டு முடிந்து வந்து பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான், பதின்மூன்றாம் அத்தியாயத்தில் தொம்மை கறிக்கடையில் நின்று எலும்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் பாம்பு கடித்து, ஊரே கூடி அடக்கம் பண்ணிய தொம்மை.

எழுதியவள் மறப்பது சகஜம். தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆனால் அந்த ஆறு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் ஓகே இருந்தது. மயிரிழைக் கீறலுக்கு லைனை நிறுத்துகிற கண்ணுக்கு, செத்தவன் எழுந்து கறி வாங்கப் போனது எப்படித் தப்பியது?

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டு தொடங்கும்போது, கெட்டது என்று முன்பே தெரிந்த ஒரு பீஸை நல்ல பீஸ்களோடு கலந்து வைப்பார்கள். செக்கிங்கில் இருக்கிறவர் அதைப் பிடித்துத் தூக்கிப் போட வேண்டும். பிடிக்காவிட்டால் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓகே போடுகிறார் என்று பொருள். அதற்கு ராபிட் என்று பெயர். சரோஜம்மாள் இத்தனை வருஷத்தில் ஒரு ராபிட்டையும் தப்ப விட்டதில்லை.

ஜெபசீலி தன் வாழ்நாளில் செய்த காரியங்களில் மிக அசிங்கமானது அதுதான் என்று அவளே பிறகு நினைத்தாள். செய்யாமலும் இருக்க முடியவில்லை. முடிவை மாற்றி எழுதியிருப்பதாகச் சொல்லி அந்தச் சனிக்கிழமை ஆறு பக்கம் கொடுத்தாள். நாலாம் பக்கத்தில் கம்பெனி கேண்டீன் பட்டியலை அப்படியே எழுதியிருந்தாள். திங்கள் சாம்பார் சாதம், அவரைக்காய்ப் பொரியல். செவ்வாய் தக்காளி சாதம், அப்பளம். புதன் முட்டை, வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம்.

திங்கட்கிழமை பச்சை மை வந்தது.

"நாலாம் பக்கம் எப்படிக்கா?" என்றாள் ஜெபசீலி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான்டி டாப்பு. படிச்சிட்டு அழுதுட்டேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரரு என்னாச்சு என்னாச்சுன்றாரு."

அன்று காலை ஜெபசீலி கடைந்ததில் பதினேழு பீஸ் ரிஜெக்ட் ஆனது. எல்லாவற்றையும் சரோஜம்மாள்தான் பிடித்தாள், ஒன்றுவிடாமல்.

மத்தியானம் கேண்டீனில், சாம்பார் சாதத் தட்டுக்குப் பக்கத்தில் அந்த நாலாம் பக்கத்தை விரித்து வைத்தாள். "இத வாசிங்கக்கா."

சரோஜம்மாள் தாளைப் பார்த்தாள். ஜெபசீலியைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். அளவுகோலைப் பிடிக்கிறவள் கை மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"அவசரத்துல சரியா..."

"திங்கள், சாம்பார் சாதம். இதுக்காக்கா அழுதிய?"

சரோஜம்மாளின் முகம் கறுத்துப்போனது. யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள். "நான் படிச்சது தெலுகு மீடியம் ஜெபா. பத்தாவது வரைக்கும். அப்புறம் ஐடிஐல எல்லாம் இங்கிலீசு. தமிழு பேசுவேன். பஸ்சு போர்டு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பக்கம் பக்கமா வராது."

ஜெபசீலிக்குக் காதில் விழுந்தது புத்தியில் ஏற நேரமாயிற்று. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ் என்று பேசுகிற ஆட்கள் ஓசூரில் தெருவுக்கு நூறு பேர். இத்தனை நன்றாகத் தமிழ் பேசுகிறவளுக்கு வாசிக்க வராது என்று, கடற்கரை ஊரில் தமிழைத் தவிர வேறொன்றும் கேட்டு வளராதவளுக்கு எப்படித் தோன்றும்?

"ஒரு பக்கங்கூடவா?"

"ஒரு பக்கங்கூட இல்ல. நீ பஸ்சுல சொல்றத வெச்சிதான்..."

"மொத நாளே சொல்லப்பிடாதா? வாசிச்சுக் காட்டுன்னு ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த! எழுவத்துநாலு வாரம் என்னய ஏமாத்திட்டியளேக்கா!"

"நீ இங்க வந்த புதுசுல, கேட்டுல இருந்தாரே எல்லப்பன், நோட்டீசு படிக்கத் தெரியலன்னு நின்னாரு. தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு தமிழ் வாசிக்கத் தெரியலியாம், வெக்கமா இல்லியான்னு என்கிட்டத்தான் சிரிச்சே. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

அப்படிச் சொன்னதாக ஜெபசீலிக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பாள். சொல்லக்கூடியவள்தான். அதனால் கோபம் குறைந்ததா என்றால், இரண்டு பங்கானது. துரோகம் செய்தவளிடம் ஒரு நியாயமும் இருந்துவிட்டால் அதை என்னதான் செய்வது?

"இப்ப படி. கேக்கறேன்" என்றாள் சரோஜம்மாள்.

குத்திக் காட்ட வேண்டும் என்றுதான் ஜெபசீலி பையிலிருந்து முதல் அத்தியாயத்தை எடுத்தாள். நீ எதை இழந்தாய் பார் என்கிற வீம்பில், நிறுத்தி நிதானமாக மூன்று பக்கம் வாசித்தாள். சரோஜம்மாள் பீஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற அதே முகத்தோடு, கண்ணை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். மூன்றாம் பக்கம் முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"கடலு, காத்து, உப்பு வாசன... உனக்கு இதெல்லாம் தெரியும்னு காட்டிக்கறே. அந்தப் பொண்ணுக்கு என்னா கஷ்டம்னு இன்னும் வர்ல. அவ எப்பதான் வீட்ட விட்டுக் கெளம்பறா?"

கதாநாயகி கிளம்புவது முப்பத்தெட்டாம் பக்கத்தில். ஜெபசீலிக்குப் புரிந்துவிட்டது. பெட்டிக்குள் போன மூன்று நோட்டிலும் இருபதாம் பக்கத்தில் தன்னைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெயர் தெரியாத சந்தேகம் இதுதான். கதை கிளம்பவே இல்லை. பதினைந்து நிமிஷம் காதால் கேட்டவள் கண்டுபிடித்ததை, பச்சை மையைப் பார்த்துப் பார்த்து நானூறு பக்கத்துக்குமேல் அவள் மூடி வைத்திருந்தாள்.

"இத மொத வாரமே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினாள். கேண்டீனே திரும்பிப் பார்த்தது. பரிமாறிக்கொண்டிருந்த வெங்கடப்பன் சாதக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"சொல்லியிருந்தா நீ எழுதியிருப்பியா?" என்று மெதுவாகக் கேட்டாள் சரோஜம்மாள்.

"எழுதியிருப்பேன்."

பொய். மறுநாளே தலைவலி வந்திருக்கும், நாலாவது நாவலும் பெட்டிக்குள் போயிருக்கும். அது ஜெபசீலிக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கும் தெரியும். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் பத்து வந்தது, போனது. அவள் எதையும் அனுப்பவில்லை. பஸ்ஸில் பின் சீட்டுக்கு மாறிக்கொண்டாள். மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதத் தொடங்கினாள். யாரும் ஓகே போடாத பக்கங்கள் மெல்லத்தான் வந்தன. சில நாள் நாலு வரி, சில நாள் அதுவுமில்லை. மே மாதக் கடைசியில் ஒன்பது பக்கம் தேறியது. இரண்டாவது வரியிலேயே அந்தப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை அந்த ஒன்பது பக்கமும் பஸ்ஸில் அவள் மடியில் இருந்தன. நன்றாக வந்திருக்கிறது என்று நெஞ்சு சொன்னது. ஆனால் நெஞ்சு எழுபத்துநாலு வாரமும் அதைத்தானே சொன்னது. இது உண்மையில் தேறுமா தேறாதா என்று கேட்டுச் சொல்ல ஓசூரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். ஆறு சீட்டுக்கு முன்னால் அவள் தலை தெரிந்தது. இரண்டு முறை ஜெபசீலி எழுந்திருக்கப் பார்த்தாள். அழுதுட்டேன் தெரியுமா என்ற குரல் காதிலேயே நின்றது. கம்பெனி கேட் வந்ததும் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சரோஜம்மாள் இறங்கிப் போகட்டும் என்று உட்கார்ந்தே இருந்தாள்.