பியட்டுக்கு ஒரு சின்ன ஸ்டியரிங்

தேவகுமாரிக்கு உயரம் போதாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது கரும்பலகையின் மேல் பாதியை எப்போதும் காலியாகத்தான் விட்டுவைப்பாள். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. கணவர் ஞானசுந்தரத்துக்குப் பக்கவாதம் வந்து, அவருடைய பியட் காரை அவளே ஓட்டியாக வேண்டும் என்று ஆன பிறகுதான் உயரம் ஒரு பிரச்சினையாயிற்று.

ஞானசுந்தரம் மலைமேல் வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். எஸ்டேட் மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது அவர் காரை இவர் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகவும், பண்டிகைக்குச் சேலத்தில் துணி எடுக்கவும் என்று அளவாகத்தான் ஓட்டுவார். தேவகுமாரியும் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்திருந்தாள். ஆனால் ஊர் ஏரியைச் சுற்றி ஒரு வட்டம் வருவதோடு சரி.

எண்பத்தாறாம் வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவருக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் போயின. பேச்சு போகவில்லை, ஆனால் குழறியது. சனிக்கிழமைதோறும் சேலத்துக்கு வந்து கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்க முடியவில்லை. ஒருதரம் முயன்று பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை காரின் உறையைத் தானே உருவிப் போட்டாள்.

அந்தக் காரின் ஸ்டியரிங் பெரிய தாம்பாளம் மாதிரி இருக்கும். ஞானசுந்தரத்துக்கு அது மடியில் அடக்கமாக உட்காரும். தேவகுமாரிக்கோ அதன் மேல் வளைவு சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. வளையத்துக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகத்தான் ரோட்டைப் பார்க்க வேண்டும். முன் சீட்டு முழுநீளப் பலகை. முன்னால் தள்ளினால் இருவருக்கும் சேர்ந்தே நகரும். அவருடைய விறைத்த காலை நீட்ட இடம் வேண்டுமே என்று அவள் சீட்டைத் தொடவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை, அடியில் ஒன்று என்று வைத்துக்கொண்டாள். இப்போது ரோடு தெரிந்தது. ஆனால் தொடை உயர்ந்து ஸ்டியரிங்கின் கீழ் வளைவில் இடித்தது.

ஈஸ்டர் தாண்டியும் இப்படியே ஓட்டினாள். சனிக்கிழமை மலை இறங்கி ஏறிவிட்டு வந்தால் ஞாயிறு முழுவதும் தோள் தூக்க முடியாது. திங்கள் பள்ளிக்கூடம். இதற்கிடையில் அவரைக் குளிப்பாட்ட, சோறு பிசைந்து கொடுக்க, ராத்திரி இரண்டு முறை திருப்பிப் படுக்க வைக்க. திருச்சியில் கட்டிக்கொடுத்த மகள் ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போனாள். பிறகு யாரும் இல்லை. தேவகுமாரி யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மலை இறங்கும்போது, ஒரு வளைவில் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடிக்க வேண்டியிருந்தது. சேலை மடிப்பு ஸ்டியரிங்குக்கும் தொடைக்கும் நடுவில் சிக்கி, ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. அவள் பிரேக்கை மிதித்தாள். கார் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு போய் நின்றது. இடப்பக்க விளக்குக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. அந்தப் பக்கம்தான் அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடி எதுவும் இல்லை. சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சிகள்தான் தெரிந்தன.

அன்றைக்குப் பயிற்சி முடிந்ததும் அவள் காரை ஐந்து ரோடு பக்கம் விட்டாள். கார்களுக்கு சீட் உறை, பம்பர், ஹாரன் எல்லாம் விற்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. பேச்சு காதில் விழும் தூரத்தில், வாசலை ஒட்டியே காரை நிறுத்தினாள். கடைக்காரர் முருகேசன், சின்ன ஸ்டியரிங் வேண்டும் என்று இவள் கேட்டதும் காரைத்தான் எட்டிப் பார்த்தார்.

"ஐயாவுக்குங்களா?"

"எனக்குத்தானுங்க. நாந்தான் ஓட்டறேன்."

"மலையிலீங்களா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய் மூன்று ஸ்டியரிங்குகளை எடுத்து வந்தார். கறுப்பு ரெக்சின் சுற்றியவை, நடுவில் ஹாரன் பொத்தான் வைத்தவை. "இது பன்னண்டு இஞ்சு. காலேஜ் பசங்க வாங்குவாங்க, உங்களுக்கு ஆகாது. இது பதிமூணு. இது பதினாலு. உங்க காருல இருக்கறது பதினாறுக்குக் கொறையாதுங்க."

"சின்னதா இருந்தா நல்லதுதானே?"

"பார்வைக்கு நல்லது, காலுக்கும் நல்லது. கைக்குத்தான் பாரம். வட்டம் சுருங்கச் சுருங்க திருப்பறதுக்கு வலு அதிகமா வேணுமுங்க. யோசிச்சு எடுங்க."

அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிக்கு மேல் பிடித்துப் பார்த்தாள். பன்னிரண்டு விளையாட்டுச் சாமான் போல இருந்தது. பதினான்கும் அவளுக்குப் பெரியதாகவே பட்டது. காலையில் சிக்கிக்கொண்ட அந்த நிமிஷம் இன்னும் தொடையிலேயே இருந்தது. எவ்வளவு இடைவெளி கிடைத்தாலும் போதாது என்று தோன்றியது. பதிமூன்றை எடுத்துக்கொண்டு கார் ஜன்னலுக்குப் போய்க் காட்டினாள்.

"ஏனுங்க, இதை மாட்டிக்கறேன்."

ஞானசுந்தரம் அதைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு, எச்சிலோடு வார்த்தை வந்தது. "இது வேணா."

இதைத்தான் அவள் ஐந்து மாதமாக எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள். அவர் ஆசையாகத் துடைத்து வைத்திருந்த கார். தான் எழுந்துவிடுவோம், மறுபடி ஓட்டுவோம் என்ற நினைப்பில் இருப்பவரிடம் போய் உங்கள் ஸ்டியரிங்கைக் கழற்றப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டிருந்தாள். இப்போது தர்க்கம் பண்ண அவளுக்குத் திராணி இல்லை.

"வேணும்," என்றாள். "எனக்கு வேணுமுங்க." திரும்பிப் போய்விட்டாள். பின்னால் அவர் இன்னும் ஏதோ சொன்னார். அவள் நிற்கவில்லை.

கடைக்கு எதிரே மெக்கானிக் ஒருவர் பழைய ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிக் கழற்றி, புதியதை மாட்டி, ஹாரன் ஒயரை இணைத்துக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து பார்த்தபோது கண்ணாடி முழுவதும் ரோடாக இருந்தது. தொடைக்கு மேல் ஒரு கை நுழையும் அளவு இடம். ஊருக்குள் ஓடும்போதே கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது. புதுசு, போகப் போகச் சரியாகும் என்று நினைத்தாள்.

மலை ஏறத் தொடங்கியதும் தெரிந்துவிட்டது. கார் வேகமாக ஓடும்போது ஒன்றுமில்லை. வளைவில் வேகம் குறைந்து முதல் கியருக்கு வந்ததும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. முதல் சில வளைவுகளை உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்பினாள். வளையல் மணிக்கட்டில் அழுந்தியது. வட்டம் சுருங்கிவிட்டதால், ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருந்த கியர் கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டு, கையை மாற்றும்போதெல்லாம் விரல்களில் மோதியது.

பாதி மலையில், எதிரே ஒரு பஸ் வளைவுக்குள் மூக்கை நுழைத்தபோது அவள் பாதி ஒடித்த நிலையில் இருந்தாள். மீதியைத் திருப்பக் கை வரவில்லை. எஞ்சின் அணைந்தது. கார் ஒரு முழம் பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டே மறுபடி முயன்றாள். முடியவில்லை. அப்போது பக்கத்திலிருந்து ஞானசுந்தரத்தின் வலக்கை வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. அவர் ஒரு பக்கம் இழுக்க, இவள் ஒரு பக்கம் தள்ள, அது இரண்டும் கெட்டானாய் நின்றது.

"கையை எடுங்க," என்றாள். அவ்வளவு கடுமையாக அவரிடம் அவள் பேசியதே இல்லை. அவர் எடுத்துக்கொண்டார்.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, கிடந்த கல் ஒன்றைப் பின் சக்கரத்துக்கு அணை கொடுத்தார். பிறகு ஜன்னலில் குனிந்தார்.

"பதறாதீங்கம்மா. பஸ்ஸைப் பின்னால எடுக்கச் சொல்றேன், நீங்க நிதானமா வாங்க." உள்ளே பார்த்துவிட்டு, "ஏனுங்க ஐயா, நீங்க கொஞ்சம் ஓட்டக் கூடாதுங்களா? அம்மா நொம்ப சிரமப்படறாங்களே," என்றார்.

ஞானசுந்தரம் வலக்கையால் இடக்கையை மடியிலிருந்து தூக்கிக் காட்டிவிட்டு விட்டார். அது தொப்பென்று விழுந்தது. கண்டக்டர் முகம் மாறிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க சாமி," என்று சொல்லிவிட்டு பஸ்ஸை நோக்கி ஓடினார்.

பஸ் பின்வாங்கியது. தேவகுமாரி காரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நகரும்போதே திருப்பி, வளைவைக் கடந்து, ரோடு அகலமாக இருந்த இடத்தில் ஓரமாக நிறுத்தினாள். பஸ் போன பிறகும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

"நீங்க வேணாம்னு சொன்னீங்க," என்றாள் கடைசியில். "நாந்தான் கேக்கல."

"இது வேணா," என்றார் அவர். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுப்பது போல, "இது… வேணா. பெரிசு… எடுன்னேன். பதினாலு. மலைக்கு… இது ஆகாது. நீ போயிட்டே."

தேவகுமாரி அவர் பக்கம் திரும்பினாள். "ஸ்டியரிங்கையே மாத்த வேணாம்னு சொன்னீங்கன்னு நெனச்சேன்."

"ஏன்?"

"நீங்க எந்திரிச்சு வந்து ஓட்டறப்ப, உங்களுக்கு அது இருக்கணுமில்லைங்களா."

அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் இனி ஓட்ட மாட்டேன் குமாரி. ஆஸ்பத்திரியிலயே எனக்குத் தெரியும். நீதான்… நான் ஓட்டுவேன் ஓட்டுவேன்னு நெனச்சுட்டு… வாராவாரம் என்னைக் கூட்டிட்டுப் போறே. உனக்காகத்தான் நானும் வாரேன்."

உண்மைதான். அவர் ஒருநாளும் தான் மறுபடி ஓட்டப்போவதாகச் சொன்னதில்லை. அவர் செருப்பை வாசலில் வைத்தது, சட்டைகளுக்குக் கஞ்சி போட்டது, சீட்டை நகர்த்தாமல் விட்டது எல்லாம் அவள்தான். அவர் சார்பில் அவளே ஆசைப்பட்டு, அதை அவர் ஆசை என்று நினைத்து, அதையும் தூக்கிக்கொண்டு இந்த மலையை ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"முன்னயே சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னா நீ மனசு விட்டுருவியோன்னு." பிறகு, "சீட்டை முன்னால இழு," என்றார்.

"உங்க காலு மடங்காதே."

"மடங்குனா மடங்கட்டும். அதுக்கு என்ன தெரியப் போவுது."

அவர் சிரிக்கிறாரா என்பது இப்போதெல்லாம் அவர் முகத்தில் தெரிவதில்லை. அவள் இறங்கி, சீட்டுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்த பிடியை உதைத்துத் தளர்த்தி, சீட்டை முன்னால் இழுத்தாள். அந்தப் பக்கம் போய் அவர் காலைத் தூக்கிக் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். தலையணை இரண்டைப் பின்னால் எறிந்தாள். மிச்ச மலையைப் பதிமூன்று அங்குலத்தோடு, ஒவ்வொரு வளைவையும் நத்தை போல ஊர்ந்து ஏறினார்கள். அன்று இரவு அவளால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடிந்து மறுபடி அதே கடைக்குப் போனார்கள். இந்தத் தடவை ஞானசுந்தரமும் இறங்கினார். அவரைக் கைத்தாங்கலாக நாற்காலிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. முருகேசன் பதிமூன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரெக்சினில் நகக் கீறல் இருக்கிறது, இதை இனி யார் வாங்குவார் என்று முணுமுணுத்தார். பிறகு அவரே, "நான்தான் அழுத்திச் சொல்லியிருக்கணும், விடுங்க," என்று மாற்றிக்கொடுத்தார்.

பதினான்கிலேயே இரண்டு வகை இருந்தது. ஒன்று மெல்லிய வளையம், ஒன்று பருமன். ஞானசுந்தரம் இரண்டையும் வலக்கையால் பிடித்துப் பார்த்தார். பருமனானதை அவளிடம் நீட்டினார். "உனக்குப் பிடி கெடைக்குதா பாரு."

அவள் விரல்களை வளைத்துப் பார்த்தாள். "கொஞ்சம் தடிமனா இருக்குதுங்க."

"அப்ப அது," என்று மற்றதைக் காட்டினார்.

மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சீட்டு முன்னால் வந்துவிட்டதால் ஒரு தலையணையிலேயே ரோடு தெரிந்தது. தொடை இடிக்கவில்லை. ஸ்டியரிங் இப்போதும் பாரமாகத்தான் இருந்தது. பழையதைவிடப் பாரம், போன வாரத்தைவிடத் தேவலை. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே திருப்ப வேண்டும், நின்றபிறகு திருப்பக் கூடாது என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு வளைவில்கூட எஞ்சின் அணையவில்லை. அவர் தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரமும் வரோணுங்களா?" என்று கேட்டாள் அவள், மேலே குளிர் ஏறத் தொடங்கியபோது.

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போதும்," என்றார். "நடக்கறதுக்கு மட்டும் பாக்கலாம். கை கெடக்குது."

அவள் சரி என்றாள். அது இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வரும் என்று அவள் நினைக்கவில்லை.

ஒண்டிக்கடை முக்கில் வந்து நிறுத்தும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. ஏரிப் பக்கமிருந்து பனி ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் இனி உலை வைக்கத் தன்னால் ஆகாது, புரோட்டா வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு பிறகு இறங்கலாம் என்று சீட்டில் சாய்ந்தாள்.

விழித்தபோது கடைகளில் விளக்கு போட்டிருந்தார்கள். கண்ணாடிகள் ஏறியிருந்தன. ஞானசுந்தரத்தின் மடியில் வாழை இலைப் பொட்டலம் இருந்தது. கார் ஜன்னலிலிருந்தே புரோட்டாக் கடைக்காரரைக் கூப்பிட்டு வாங்கியிருக்கிறார்.

"எழுப்பியிருக்கலாமே."

"தூங்கட்டும்னு விட்டேன்." அவர் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். "ஆறிப்போச்சு."

"பரவால்லீங்க," என்று அவள் நூலை அவிழ்த்தாள். ஒரு துண்டு பிய்த்து, குருமாவில் தோய்த்து, முதலில் அவருக்குக் கொடுக்கப் போனவள், எதையோ நினைத்துக்கொண்டு அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். இலையை இருவருக்கும் நடுவில் சீட்டின்மேல் விரித்து வைத்தாள். அவர் தன் வலக்கையால் தானே எடுத்துத் தின்றார்.