டப்பாவில் வைத்த சீடை

கோகுலாஷ்டமி வந்தது. சீடை பண்ணி யாருக்குக் கொடுக்க? ருக்மிணிக்கு ஒரே பிள்ளை, நவநீத். பதினேழு வயசு. 2006 அக்டோபரில் ஃப்ரீவே ஆக்ஸிடென்ட்டில் போய்விட்டான். ஒரு வருஷம் ஆகப்போகிறது. அமெரிக்காவில், சுகர் லேண்ட் வீட்டில் இப்போது அவளும் புருஷன் சிவராமகிருஷ்ணனும்தான். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைக்கு ஜியோகேச்சிங் பைத்தியம். ஒரு டப்பாவில் குட்டிக் குட்டிச் சாமான்களைப் போட்டு எங்கேயாவது ஒளித்துவிட்டு, அது எங்கே என்று வெப்சைட்டில் எண்களாகப் போடுவார்கள். ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் ஜிபிஎஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள். நவநீத் ஆற்றோரப் பூங்காவில் ஓர் ஓக் மரப்பொந்தில் தன் டப்பாவை வைத்திருந்தான். கண்டுபிடித்தவர்கள் வெப்சைட்டில் அவன் பக்கத்தில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள்: "தேங்க்ஸ் நவ்! சூப்பர் இடம்!" அவன் இல்லை என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? அந்த ஒரு பக்கத்தில் மட்டும் அவன் உயிரோடு இருந்தான். ருக்மிணி சாமி கும்பிடுகிறாளோ இல்லையோ, காலையில் அதைப் பார்த்துவிடுவாள்.

அஷ்டமியன்று ஒரு கவர் உப்புச் சீடையைக் கொண்டுபோய் அந்த டப்பாவில் வைத்துவிட்டு வந்தாள். பெற்ற மனசு, என்ன சொல்ல?

அந்த வாரமே வெப்சைட் பக்கத்தில் யாரோ எழுதியிருந்தார்: "நவ், உன் டப்பாவில் எவனோ தின்பண்டம் வைத்திருக்கிறான். ரக்கூன் கடித்துக் குதறிவிட்டது. வந்து சரிபண்ணு. இல்லாவிட்டால் லிஸ்ட்டிலிருந்து தூக்கிவிடுவார்கள்."

ரக்கூன் என்றால் அங்கே ராத்திரியில் தீனி தேடி அலையும் பிராணி. டப்பா ரெடி பண்ணின அன்றைக்கு அவள் முறுக்கை நீட்ட, பிள்ளை கத்தினானே! "அம்மா, நோ ஃபுட்! ரக்கூன் வரும்! சீரியஸ்லி!" அன்றைக்குச் சிரித்தாள். பாவி, அதை ஞாபகம் வைத்திருக்கக் கூடாதா?

"யாருடி வெச்சது? அறிவு வேண்டாம்?" என்றார் கூடவே படித்த சிவராமகிருஷ்ணன். அவருக்குக் கோபம் வந்தே மாசக்கணக்காகிறது.

"நான்தான்."

அவர் கார் சாவியை எடுத்தார்.

மரத்தடியில் பிளாஸ்டிக் துண்டுகள்தான் கிடந்தன. மேலெல்லாம் எறும்பு. ருக்மிணி மண்ணைக் கிளறி, அவன் போட்ட குட்டிச் சிவப்புக் காரை மட்டும் கண்டெடுத்தாள். வழியில் வாங்கின புது டப்பாவில் அதைப் போட்டு, பொந்தில் வைத்துவிட்டு வந்தார்கள்.

இனி பதில் போட வேண்டும். யார் பேரில்? அம்மா என்று போட்டால் நவ் எங்கே என்று கேட்பார்கள். அவன் கம்ப்யூட்டர் லாகின் பண்ணினபடியே இருந்தது. ருக்மிணி உட்கார்ந்து அடித்தாள்: "ஸாரி. என் அம்மாதான் வெச்சாங்க. அப்பவே சொன்னேன், கேட்கலை. புது டப்பா வெச்சாச்சு. நவ்."

"தப்பு இல்லையா ருக்கு?"

"இருந்துட்டுப் போகட்டும்."

சாயங்காலம் பதில் வந்தது. சிவராமகிருஷ்ணன்தான் படித்துச் சொன்னார்: "பரவாயில்லை நவ். பாவம், அம்மாவைத் திட்டாதே."

ருக்மிணி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"திட்டச் சொல்லுங்களேன்! ஒரே ஒரு தடவை வந்து திட்டிட்டுப் போகச் சொல்லுங்களேன்!"